ஜாக்கி எங்கே நிற்க வேண்டும்?
அந்தமான் வேன்காரர்கள் மறக்கக்கூடாத விஷயங்கள்

வேனுக்கு டயர் பஞ்சர் ஆவது உலகெங்கும் நடக்கும் சாதாரண சம்பவம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு புறப்பட அரை மணி நேரம் போதும். சென்னையிலும் மதுரையிலும் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அந்தமானில் இதே வேலை பல வண்டிகளுக்குப் பெரும் செலவு வைத்துவிடுகிறது. ஜாக்கியைச் சுற்றச் சுற்ற வண்டி மேலே போகாமல், ஜாக்கி தகட்டுக்குள்ளே போகிறது. சில சமயம் கதவுக்கு அடியில் ‘கறக்’ என்று ஒரு சத்தம். பார்த்தால் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை!

குற்றம் ஜாக்கியினுடையது அல்ல. அதை வைத்த இடத்தினுடையது. அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் கவனியாமல் விட்டதனுடையது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர், சரக்கு கொண்டுபோய்ப் போடுவோர், சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வோர் என வேனை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வேன் ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த வாரத்துக்கு அடுப்பில் பாதிதான் எரியும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோ மீட்டர் கடல் தாண்டி வர வேண்டிய உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது வேறு. ஆகவே ஜாக்கி போடும் கலையைச் சரியாகத் தெரிந்துகொள்வது இங்கே மற்ற ஊர்களைவிட இரட்டிப்பு அவசியம்.

உப்பும் மழையும்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அந்தமானில் அது ஏறக்குறைய 3,000 மில்லி மீட்டர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் தீவுகளுக்கு உண்டு. இதோடு கடற்காற்றில் கலந்து வரும் உப்பு. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் இருப்பதால், வெயில் அடித்தாலும் தகட்டின் இடுக்குகள் முழுக்கக் காய்வதில்லை. இரும்பு துருப்பிடிக்கத் தேவையான தண்ணீரும் காற்றும், அதை வேகப்படுத்தும் உப்பும் இங்கே இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கின்றன.

2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு தென் அந்தமானின் சில பகுதிகள் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டன. சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களிலேயே கடல்நீர் ஏறி நின்றது. அப்படிப்பட்ட தாழ்வான பாதைகளில் உப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டி, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவப்படாவிட்டால், அன்று இரவே துரு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

வெளியே தெரியும் துருவைவிட ஆபத்தானது உள்ளே இருக்கும் துரு. வேனின் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளவாக்கில் ஒரு தகட்டுப் பெட்டி ஓடுகிறது. உள்ளே அது வெற்றிடம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் வெளியேற அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். சேறு அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு அப்பளமாகிக் கொண்டிருக்கும். பெரும்பாலான வேன்களில் ஜாக்கி போடும் இடமும் இதே பெட்டியின் அடி விளிம்புதான் என்பது துரதிர்ஷ்டம்.

சேஸிஸ் உள்ள வண்டி, இல்லாத வண்டி

லாரி, ஜீப், பொலேரோ, பழைய டாடா சுமோ போன்றவற்றில் கனமான இரும்புச் சட்டமான சேஸிஸ் அடியில் தனியாக இருக்கும். பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இவற்றில் சட்டத்துக்கோ ஆக்ஸிலுக்கோ ஜாக்கி கொடுத்தால் பாடிக்கு ஒன்றும் ஆகாது.

மாருதி வேன் அப்படியல்ல. 1984இல் அறிமுகமாகி, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்று, 2019இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கும், 2010இல் வந்த ஈக்கோவுக்கும் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை வளைத்து, ஒன்றோடொன்று வெல்டு செய்து, பாடியே சுமையைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். ஆனால் கண்ட இடத்தில் ஜாக்கி கொடுத்தால் அடி வாங்குவது பாடிதான்.

இந்த வண்டிகளில் பயன்படும் தகட்டின் கனம் பல இடங்களில் ஒரு மில்லி மீட்டர்கூட இராது. ஒரு அஞ்சலட்டையைக் குறுக்கே நீட்டி நடுவில் விரலால் அழுத்தினால் வளைந்துவிடுகிறது. அதையே மடித்து நிமிர்த்தி வைத்தால் ஒரு டம்ளரைத் தாங்குகிறது. வண்டித் தகடும் அப்படியே. தட்டையான தரைத் தகட்டில் ஜாக்கியை வைத்தால் உள்ளே குழியும். இரண்டு மூன்று தகடுகள் சேர்த்து வெல்டு செய்யப்பட்டு நிமிர்ந்து நிற்கும் விளிம்பில், கம்பெனி குறித்துள்ள இடத்தில் வைத்தால் தாங்கும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பெரும்பாலான வண்டிகளில் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் விளிம்பில் சிறு வெட்டு அல்லது அடையாளம் இருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் படம் போட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்கும்போது புத்தகம் கிடைக்கவில்லையானால், அந்த ரகத்தைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, நான்கு இடங்களிலும் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடலாம். இருட்டில் மழையில் தேட வேண்டியிராது.

ஜாக்கி வைக்கவே கூடாத இடங்கள்: என்ஜின் ஆயில் தொட்டி, கியர் பெட்டி, பெட்ரோல் டாங்கி, பம்பர், தட்டையான தரைத் தகடு. பஞ்சர் ஆன சக்கரத்தால் வண்டி தாழ்ந்து நிற்கும்போது, உயரமான பாட்டில் ஜாக்கி விளிம்புக்கு அடியில் நுழையாது. உடனே, நுழைகிற இடத்தில் அதைச் செருகிவிடுவது பலருடைய வழக்கம். தகடு கிழிவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் தரையைப் பார்

மழையில் ஊறிய அந்தமான் செம்மண்ணில் ஜாக்கி நிற்பதும் சேற்றில் கம்பு நடுவதும் ஒன்று. ஆள் இல்லாத ஆம்னியின் எடை சுமார் 800 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின்மேல் 250 கிலோ வரை வருவதாக வைத்துக்கொள்ளலாம். ஜாக்கியின் அடித்தட்டு 100 சதுர சென்டி மீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டி மீட்டர் மண்ணும் இரண்டரை கிலோ தாங்க வேண்டும். ஈர மண் எப்படித் தாங்கும்? ஒரு அடிக்கு ஒரு அடி பலகையை அடியில் போட்டால் பரப்பு 900 சதுர சென்டி மீட்டர். சுமை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

பலகை ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்க வேண்டும்; மெல்லிய பிளைவுட் நடுவில் முறிந்துவிடும். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுப்பாலையைப் பெற்ற ஊரில், உறுதியான ஒரு துண்டுப் பலகைக்குப் பஞ்சம் இருக்க முடியாது. ஸ்டெப்னியைப் போலவே இந்தப் பலகையும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், சரிவு. போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். சரிவில் டயர் போனால், சமதளம் வரும்வரை வண்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டு போவதே மேல். டயர் வீணாகலாம், டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை?

ஒன்று: வண்டியிலுள்ள எல்லோரும் இறங்க வேண்டும். கனமான சாமான்களையும் இறக்கிவிட வேண்டும். பிள்ளைகளைச் சாலையோரத்தில் தள்ளி நிறுத்த வேண்டும்.

இரண்டு: ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்த வேண்டும். ஆனால் இவற்றை மட்டும் நம்பக்கூடாது. ஆம்னியிலும் ஈக்கோவிலும் என்ஜின் இழுப்பது பின் சக்கரங்களை. ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரங்களைத்தான். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், கியர் பிடிப்பு பயனற்றுப் போகிறது. தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுழன்று கொடுத்துவிடும். தரையிலுள்ள ஒரே ஒரு பின் சக்கரத்தின் ஹேண்ட் பிரேக்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்று: ஆகவே முட்டுக்கட்டை. பழுதான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை அல்லது கருங்கல் வைக்க வேண்டும். இடது பின் சக்கரம் என்றால் வலது முன் சக்கரத்துக்கு. உருண்டைக் கல் உதவாது.

நான்கு: வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரின்மேல் ஏறி மிதிப்பது, ஜாக்கியை உதைத்துத் தள்ளுவதற்குச் சமம்.

ஐந்து: கதவுகள் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். சேஸிஸ் இல்லாத வண்டி ஒரு மூலையில் தூக்கப்படும்போது பாடி நூலளவு முறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் தள்ளு கதவை இழுத்தால் இறுகிக்கொள்ளலாம், வண்டியும் ஆடும்.

ஆறு: ஜாக்கியின் தலையில் பள்ளம் இருந்தால், வெல்டு விளிம்பு சரியாக அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். பள்ளம் இல்லாத ஜாக்கியானால், நடுவில் ஒரு வெட்டுப் போட்ட கெட்டியான ரப்பர் துண்டையோ மரத்துண்டையோ இடையில் வைக்கலாம். விளிம்பு வெட்டுக்குள் இறங்கிக்கொள்ளும். சுமை இருபுறமும் பரவும். பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய துண்டு இதற்கு அருமையாக உதவும்.

ஏழு: ஜாக்கி தகட்டைத் தொட்டதும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நேராக நிற்கிறதா? பலகை அமிழ்கிறதா? தகடு குழிகிறதா? எல்லாம் சரியென்றால் மேலே தூக்கலாம். சிறிதளவு சாய்ந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சாய்ந்த ஜாக்கி தானாக நேராவதில்லை.

எட்டு: சக்கரம் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழுந்தால் போதும். கழற்றுவதற்கு முன், ஸ்டெப்னியைப் படுக்க வைத்து, கதவுக்குக் கீழே ஜாக்கிக்குப் பக்கத்தில் தள்ளிவிட வேண்டும். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அந்தச் சக்கரத்தின்மேல்தான் விழும். கை காலின்மேல் விழாது. பிறகு பழைய சக்கரத்தைக் கழற்றி அங்கே வைத்து, ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம்.

ஒன்பது: நட்டுகளின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு, வண்டி தரையில் இறங்கிய பிறகே. ஐம்பது கிலோ மீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

உயிரோடு விளையாட வேண்டாம்

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. திருகு ஜாக்கி சாயலாம். எண்ணெயில் இயங்கும் ஜாக்கியின் வாஷர் தேய்ந்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கலாம். அடியில் வேலை இருந்தால் இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை நிறுத்தித்தான் இறங்க வேண்டும். செங்கல்லும் ஹாலோபிளாக்கும் ஸ்டாண்டு ஆகா. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகின் தளத்திலும் ஜாக்கி போடும் எண்ணமே வரக்கூடாது. ஆடும் தளத்தில் எந்த ஜாக்கியும் நிலைத்து நிற்காது. கரை சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க முடியாத சாலை

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் செல்லும் அந்தமான் டிரங்க் ரோடு, ஜிர்க்காட்டாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே போகிறது. அவர்கள் தொகை சில நூறு பேரே. வெளியாரின் நோய்களைத் தாங்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அவர்களுடைய பகுதிக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சாலையின் சில பகுதிகளை மூடும்படி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும் சாலையில் போக்குவரத்து நிற்கவில்லை. போலீஸ் காவலுடன், குறித்த நேரத்தில், வரிசையாக வண்டிகள் அனுப்பப்படுகின்றன. நடுவில் நிறுத்துவதும், இறங்குவதும், முந்துவதும், படம் எடுப்பதும் கூடாது.

அந்த வழியில் போகும் டிரைவருக்கு இதன் பொருள் என்ன? மற்ற சாலைகளில் டயர் மாற்ற அரை மணி நேரம் கிடைக்கும். இங்கே கிடைக்காது. ஆகவே சோதனையை ஜிர்க்காட்டாங் கேட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நான்கு டயர்களையும் பார்ப்பார்கள். ஐந்தாவது டயரை மறந்துவிடுவார்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி சுற்றுகிறதா, வீல் ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துகிறதா, பலகை இருக்கிறதா என்று பார்த்தபின் வரிசையில் சேர்வதே முறை. அதையும் மீறிப் பாதி வழியில் டயர் போய்விட்டால், காவலுக்கு வரும் போலீசாருக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொற்படி நடப்பதுதான் ஒரே வழி. பயணிகளை இறக்கிக் காட்டில் நிற்க வைப்பது, அவர்களுக்கும் ஆபத்து, ஜாரவாக்களுக்கும் ஆபத்து.

‘ஸ்டெப்னி’ என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே இல்லை. டயர் போனால் அந்த இடத்திலேயே ஒட்டுப் போட வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கே தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904இல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்குப் பெயராயிற்று. அந்த ஊர்க்காரர்கள் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, வழியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்காகத்தான். காற்று இல்லாத ஸ்டெப்னியைச் சுமந்து திரிவது அந்தக் கண்டுபிடிப்பையே வீணாக்குவது.

துருவுக்கு முந்திக்கொள்ள

சேஸிஸ் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள், ஜாக்கி போடும் நான்கு இடங்களையும் மாதம் ஒருமுறை ஸ்பேனரின் பின்பக்கத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ‘கிண்’ என்று ஒலிக்கும். செத்த தகடு ‘பொத்’ என்று அடங்கிப்போகும். சந்தேகம் இருந்தால் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்கலாம். முனை உள்ளே போனால், அந்த இடத்தில் ஜாக்கி வைக்கக்கூடாது.

அடியிலுள்ள தண்ணீர்த் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்தபின், பெட்டியின் உட்பக்கத்தில் துரு தடுக்கும் எண்ணெய் அல்லது மெழுகு பூசச் சொல்லலாம். துருவின்மேலேயே தாரை அப்புவது துருவுக்குப் போர்வை போர்த்துவது போல. உள்ளே அது சுகமாக வளரும்.

ஜாக்கி போடும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் பெயிண்ட் உரிகிறது. அன்றைக்கே துடைத்து ஒரு கை பெயிண்ட் தடவிவிட்டால் செலவு சில ரூபாய். விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே துருவின் வாசற்படி.

ஏற்கெனவே தகடு உளுத்துப் போயிருந்தால், பட்டறையில் உளுத்த பகுதியை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகட்டை வெல்டு செய்ய வேண்டும். மேலே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஜாக்கி அழகைப் பார்த்துத் தாங்குவதில்லை. பழுது பார்க்கும்வரை பின்பக்கத்தைத் தூக்க வேண்டி வந்தால், விளிம்பை விட்டுவிட்டு, ஆக்ஸிலில் எங்கே கொடுக்கலாம் என்று மெக்கானிக்கைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு வரும் தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டிப் பார்ப்பது அந்தமான் கடலைத்தான். வழக்கமாக மே மூன்றாம் வாரம். அதற்கு முன், ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் சமதரையில் வேனை நிறுத்தி, நான்கு மூலையிலும் ஒருமுறை ஜாக்கி போட்டுப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தகடு தாங்காது என்றால் அது வீட்டு வாசலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கொட்டும் மழையில், பள்ளிப் பிள்ளைகள் நனைந்துகொண்டு நிற்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல.